பாங்கு நேரத்தில் குறைக்கிற சத்தம்

ஸ்கூடாய்ப் பக்கம் இருக்கிற இந்தத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மூன்று சாலை தள்ளி இருக்கும் சின்னப் பள்ளிவாசலான சூராவில் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும், டிவி எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் சத்தத்தைக் குறைத்துவிடுவார். சண்டையாக இருக்கும், பாட்டாக இருக்கும், கதாநாயகி உயிரை விடுகிற இடமாகக்கூட இருக்கும். ரிமோட் எப்போதும் அவர் கையில்தான். கட்டைவிரல் தானாகப் போய் அமுக்கும். பாங்கு முடிந்ததும் மறுபடி ஏற்றுவார். நாங்கள் கத்தோலிக்கர்கள். இப்படிச் செய்யச் சொல்லி எங்களிடம் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் ரேடியோவை நிறுத்துவோமே, அந்த மாதிரி யோசிக்காமல் செய்கிற காரியம்.

ஒருநாள் அந்தக் கட்டைவிரல் அசையவில்லை. அவருக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு அப்படித்தான் உறுதியானது. உறுதியாகியும் நான் ஒன்றும் செய்யவில்லை. அவர் பாட்டுக்கு மேலும் மேலும் பெரிய ஸ்பீக்கராக வாங்கிக்கொண்டிருந்தார். மிச்சம் இருக்கிற காதையும் இந்தப் பெட்டிகள் தின்றுவிடுமே என்று நான் பயந்துகொண்டிருந்தேன். இன்னமும் அப்படித்தான் இருக்கிறேன்.

நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருகிற ஆள். பெக்கான் நானாஸ் பக்கத்தில் பிறந்து, படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனேன். அங்கே டின்னுக்கு மூடி போடும் மெஷின் ஓரமாக வருஷக்கணக்கில் நின்ற அக்காமார்கள் எல்லாம் கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் நின்ற பிறகும் கத்துவார்கள். ரகசியத்தைக்கூடக் கத்திச் சொல்வார்கள். நாங்கள் சின்னப் பெண்கள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறோம். அவர்களுக்குக் காது போயிருந்தது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஓர் இரும்புப் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கிறவர். கல்யாணத்துக்கு முன்பே பிடிக்க ஆரம்பித்துவிட்டார். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மோட்டார்களோடு எல்லைப் பாலத்தைக் கடந்து போவார். அங்கே இரும்பை இரும்பு அறுக்கிற சத்தம். திரும்பும்போது மறுபடி மோட்டார் சத்தம். காதுக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்று கம்பெனியில் கொடுப்பார்களாம். வைத்தால் போர்மேன் கூப்பிடுவது கேட்காது என்று பாதி நேரம் பாக்கெட்டிலேயே கிடக்கும். துணி துவைக்கும்போது அந்த மஞ்சள் பஞ்சை எடுத்து எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைப்பேன்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பது. குடியில்லை, சீட்டாட்டமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோழிக்கறி சாப்பிட்டுவிட்டு, ஹாலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம்வரை எழுந்திருக்க மாட்டார். அப்போது எங்களிடம் இருந்தது சின்னச் சின்னப் பெட்டிகளாக வந்த ஒரு பழைய ஸ்பீக்கர் செட். அது அவருக்குப் போதுமானதாகத்தான் இருந்தது. ஒருநாள் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல ஏன் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறானுங்க?"

"நல்லாத்தானே பேசுறாங்க."

"ஒனக்கு வெளங்குதா?"

"வெளங்குதே."

"நீ சும்மா தலையாட்டுவ. ஸ்பீக்கர் போச்சு."

அடுத்த சனிக்கிழமை ஸ்கூடாயில் ஆடியோ கடை வைத்திருக்கும் ஒருவரிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் தமிழர். நாற்பது வயது இருக்கும். வாயைத் திறந்தால் வேடிக்கைதான். தரையிலிருந்து கூரைவரை கறுப்புப் பெட்டிகளாக அடுக்கியிருந்த அந்தக் கடையில் எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. கைப்பை இடித்து எதையாவது தள்ளிவிடுவேனோ என்று மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"பாட்டு வருது, அடி வருது, பேசறது மட்டும் வெளங்கல பாஸ்" என்றார் இவர்.

"அண்ணே, பேசறதெல்லாம் சென்டர் ஸ்பீக்கர் வேல. ஒங்க சென்டர் ஸ்பீக்கர் சோப்பு டப்பா சைஸு. அதுக்குள்ள ஹீரோவப் புடிச்சி அடைச்சா எப்படிப் பேசுவான்? மூச்சுத் தெணறிச் செத்துருவான்."

இவர் வாய்விட்டுச் சிரித்தார். டிவிக்குக் கீழே நடுவில் வைக்கிற பெரிய பெட்டி ஒன்றை வாங்கி வந்தோம். இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தார். பிறகு அடிச் சத்தம் பத்தவில்லை என்றார். பீரோ மாதிரி ஒரு சப்வூஃபர் வந்தது. அதை வைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒரு வண்டி வெடித்துச் சிதறுகிற காட்சியில் என் தட்டு அலமாரி முழுக்கக் கிணுகிணு என்றது. சுவரில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படம் ஆணியில் ஆடியது. அதன் கீழே எரிகிற சின்ன விளக்கைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, படம் ஆடுதுங்க."

"எந்தப் படம்?"

"ஆண்டவர் படங்க!"

"ஆடட்டும். அவரும் கொஞ்சம் கேக்கட்டும்."

பக்கத்தில் இருந்தவரிடம் அதைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சப்வூஃபர் போடுகிற சத்தத்தில் யாராக இருந்தாலும் கத்தத்தானே வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வேறு சிலதும் இருந்தன. கோயிலில் குருவானவருக்குப் பதில் சொல்லும்போது இவர் குரல் மட்டும் எல்லோரும் முடித்த பிறகு தனியாகக் கேட்கும். முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். கோலாலம்பூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் போன் பண்ணினால், "லைன் சரியில்ல, அம்மாகிட்ட பேசு" என்று என்னிடம் தந்துவிடுவார். தண்ணீர் கொதித்துக் கெட்டில் விசிலடிக்கும். அதன் பக்கத்திலேயே நின்று, "தண்ணி இன்னும் கொதிக்கலயா?" என்பார்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏங்க, ஒரு தடவ காதக் காட்டிட்டு வந்துருவோமா?"

"யாரு காத?"

"ஒங்க காதத்தாங்க."

"என் காதுக்கு என்ன? கம்பெனில வருஷா வருஷம் டெஸ்ட்டு. ஒரு தடவகூட பெயில் ஆனதில்ல. நீதான் முணுமுணுன்னு பேசுற. வாயத் தொறந்து பேசிப் பழகு."

அந்த டெஸ்டைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். ஒரு பிறந்தநாள் விருந்தில் சொந்தக்காரர்களிடம் இவரே அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார். "சின்ன ரூமுக்குள்ள தனியா ஒக்கார வச்சி, காதுல மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா பட்டன அமுக்கச் சொல்லுவாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு மெஷினத் தட்டிக்கிட்டு இருக்கும். அது தட்டுறப்ப தோளு லேசா அசையும். தோளு அசைஞ்சா நான் அமுக்குவேன். ஃபுல் மார்க்!" எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுக்கும்போதுதான், காது கேட்கிறவர் எதற்குத் தோளைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நான் இரண்டாவது முறை கிளினிக் பேச்சை எடுத்தபோது அவர் கத்தவில்லை. தணிந்த குரலில்தான் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவன் ஒரு பேப்பர்ல எழுதிருவான். அது கம்பெனிக்குப் போச்சுன்னா? மெஷின் பக்கம் நிக்காதன்னு சொல்லிட்டா? இந்த வயசுல வேற எவன் எனக்கு வேல குடுப்பான், சொல்லு."

படிவம் இரண்டு படித்தவள் என்ன சொல்வாள்? படித்தவர்கள் இந்த இடத்தில் ஏதாவது சொல்லத் தெரிந்து வைத்திருப்பார்கள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பாங்கு விஷயம் அதற்குப் பிறகுதான். முதல்முறை குறைக்காதபோது, படத்தில் ஆழ்ந்துபோய்விட்டார் என்று நினைத்தேன். இரண்டாவது முறை அப்படி நினைக்க முடியவில்லை. ரிமோட்டை அவரிடமிருந்து வாங்கி நானே அமுக்கலாம் என்றால், புது ரிமோட்டில் பொத்தான்கள் எறும்பு மாதிரி மொய்க்கின்றன. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. முன்பு ஒருமுறை எதையோ அமுக்கி, திரை நீலமாகி, அதைச் சரிபண்ண அவருக்குப் பாதி நாள் ஆயிற்று. அதனால் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். வேறென்ன செய்ய? எங்களுடையது வரிசை வீடு. எங்கள் ஹாலுக்கும் பக்கத்து வீட்டு ஹாலுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற அம்மாவும், பக்சிக் என்று கூப்பிடுகிற அவர் வீட்டுக்காரரும். வயதானவர்கள். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கு அந்தப் பக்கம் போகும். ஹரி ராயாப் பெருநாளுக்கு ரெண்டாங் கறி இந்தப் பக்கம் வரும்.

ஒருநாள் மக்சிக் ஒரு தட்டில் வாழைப்பழப் பணியாரம் எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். மழை வருமா, துணி காயுமா என்று பேசினார். பிறகு மலாயில் மெதுவாகக் கேட்டார்: உன் வீட்டுக்காரருக்கு எங்கள் மேல் ஏதாவது மனவருத்தமா? நாங்கள் ஏதும் தப்பாகப் பேசிவிட்டோமா?

அப்படியெல்லாம் ஒன்றுமில்லை மக்சிக் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் "தாக் அபா, தாக் அபா" என்றார். பரவாயில்லை, பரவாயில்லை. நாங்கள் பொறுத்துக்கொள்வோம், தாமானில் மற்றவர்கள்தான் கேட்கிறார்கள் என்றார். அவர் கோபமாகத் திட்டியிருந்தால் தேவலாம். அந்த "தாக் அபா" எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் என்றால் யார், எத்தனை பேர், என்ன கேட்டார்கள், யாராவது போனில் படம் பிடித்துப் போட்டுவிடுவார்களோ என்று அன்றைக்கு முழுக்க என் தலை சுற்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அவர் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"பாங்கு சொல்றப்ப நீங்க சத்தத்தக் கொறைக்கிறதில்லயாம். மக்சிக் வந்து வருத்தப்படுறாங்க."

"பாங்கு எங்க சொன்னாங்க?" அவர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "காதுல விழுந்தா கொறைக்க மாட்டனா? இத்தன வருஷமா கொறைக்காமலா இருந்தேன்? சூராவ் ஸ்பீக்கர் மங்கிப்போச்சு. நானும் கொஞ்ச நாளாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சத்தமே வரல."

அதற்கு முந்தின நாள் சாயங்காலம்கூட அந்தப் பாங்கை நான் அடுப்படியில் நின்று, அப்பளம் பொரிகிற சத்தத்துக்கு நடுவில் கேட்டேன். நான் போய் ஜன்னல்களைச் சாத்தினேன்.

அடுத்த மாதமே உயரமான இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரு புது ஆம்ப்ளிபையரும் வந்தன. ஸ்பீக்கர்கள் என் தோள் உயரம். கடைக்காரரே வேனில் கொண்டுவந்து இறக்கி, வயர் போட்டு, பழைய ஆம்ப்ளிபையரை மூலையில் வைத்தார். கடைசியில், இவர் வழக்கமாக உட்காரும் சோபாவில் ஒரு முக்காலியை நிறுத்தி, அதன்மேல் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மைக்கை வைத்தார்.

"இப்ப ஆம்ப்ளிபையரே ஒவ்வொரு ஸ்பீக்கரா சத்தம் விட்டு, ஒங்க ஹால அளந்துக்கும். யாரும் பேசக் கூடாது. அக்கா, ஃபேன நிறுத்துங்க. அண்ணே, நீங்க கொறட்ட விடக் கூடாது."

முதல் ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து உறுமுகிற மாதிரி தொடங்கி, மேலே மேலே ஏறி, விசிலாகி, கடைசியில் ஊசி மாதிரி என் காதைக் குத்திவிட்டு நின்றது. அது முடிவதற்கு முன்பே, விசில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, இவர் எழுந்துவிட்டார்.

"பாஸ், பாதியில நின்னுபோச்சே."

கடைக்காரர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். இரண்டாவது ஸ்பீக்கர். அதே உறுமல், அதே விசில்.

"இதுவும் நின்னுபோச்சு. ரெண்டுலயும் மேல் சத்தம் வரல. டிவீட்டர் போயிருக்கு, பாஸ். புது ஸ்பீக்கர்ல இப்படிப் பண்றீங்களே."

கடைக்காரர் வயரை இடம் மாற்றிப் போட்டார். மறுபடி விட்டார். எனக்குப் பல் கூசியது. இவர் ஸ்பீக்கருக்கு முன்னால் மண்டியிட்டு, மேலே இருக்கிற சின்ன வட்டத்தில் காதை வைத்து, அது அலறிக்கொண்டிருக்கும்போதே உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஃபேன் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வேடிக்கை மனுஷன் முகத்தில் வேடிக்கையே இல்லை.

"புது ஸ்பீக்கர்ண்ணே" என்றார் பிறகு. "கொஞ்ச நாள் ஓடுனாத்தான் தொறக்கும். எடுத்த ஒடனே மேல் சத்தம் வராது. ஓட ஓட வரும்."

இவர் முகம் தெளிந்தது. "அப்படிச் சொல்லுங்க. நான் பயந்துட்டேன்."

வேன் வரைக்கும் நான் கூடப் போனேன். அவர் கருவிகளைப் பையில் போட்டபடி என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா, ஸ்பீக்கர்ல ஒன்னும் இல்ல."

"எனக்குத் தெரியும். அவருகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"நான் கடக்காரன்க்கா. ஒங்க காது சரியில்லன்னு சொன்னா நாளைக்கே வேற கடைக்குப் போயிருவாரு. அங்க இதவிடப் பெருசா வித்துருவானுங்க. இதுக்கு மேல சத்தம் ஏறாத மாதிரி ஆம்ப்ளிபையருக்குள்ள ஒரு பூட்டுப் போட்டு வச்சிருக்கேன். அது ஒன்னுதான் என்னால முடிஞ்சது. சொல்லிராதீங்க."

அவர் நல்லதுதான் செய்தார். ஆனால் அந்தப் பூட்டு வேறு மாதிரி வேலை செய்தது. இவர் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய ஆம்ப்ளிபையர், பவர் பத்தலயே" என்று அதைவிடப் பெரியதைப் போனில் தேட ஆரம்பித்தார். மேல் சத்தம் திறக்கும் திறக்கும் என்று தினமும் வேலைக்குப் போவதற்கு முன்கூட ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போவார். ஆளில்லாத சோபாவுக்கு அது பாடிக்கொண்டிருக்கும். அவர் தெருமுனை தாண்டியதும் நான் சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். அவர் வருவதற்குள் மறுபடி சொருகிவிடுவேன். அந்த வீட்டில் என்னால் செய்ய முடிந்தது அந்த பிளக் ஒன்றுதான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாயங்காலத் தொழுகை நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. பக்சிக் வேலியோரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். முட்டி வலி வந்ததிலிருந்து அந்த ஒரு தொழுகையை அவர் வீட்டிலேயே முடித்துக்கொள்வார். இவர் மூலையில் கிடந்த பழைய ஆம்ப்ளிபையரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். குப்பையில் போடப் போகிறாரோ என்று பின்னாலேயே போனேன். நேராக வேலிக்குப் போய், அதைத் தூண்மேல் வைத்துவிட்டு, மலாயில் பேச ஆரம்பித்தார். இவர் மலாய் நன்றாகவே பேசுவார்.

இது நல்ல மெஷின், சூராவுக்குக் கொடுக்கிறேன் என்றார். உங்கள் சூராவ் ஸ்பீக்கர் கொஞ்ச நாளாகவே சரியில்லை, பாங்கே கேட்பதில்லை, அதனால்தான் என்னால் டிவியைக் குறைக்க முடியவில்லை, உங்கள் வீட்டில் மனவருத்தம் என்று கேள்விப்பட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். வேண்டுமானால் நானே வந்து மாட்டித் தருகிறேன் என்றும் சொன்னார். அவர் மனசில் கள்ளமே இல்லை. சத்தம் வராத எதுவும் அவருக்கு ஸ்பீக்கர் கோளாறுதான்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பாங்கு தொடங்கியது.

காற்று எங்கள் பக்கம் அடித்தது. அன்றைக்கு அது வழக்கத்தைவிடத் தெளிவாக வந்தது. பக்சிக் குழாயை மூடினார். தண்ணீர்ச் சத்தமும் நின்றது. இவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார், வயர் எப்படிப் போடுவது, ஹார்ன் ஸ்பீக்கரை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று. உள்ளேயிருந்து எங்கள் டிவி வேறு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. பக்சிக் என்னைப் பார்த்தார். முகம் மாறியது. மனவருத்தம் என்று இத்தனை நாள் எதை நினைத்திருந்தாரோ, அது அவர் கண்ணிலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

பக்சிக் இவர் கையைத் தொட்டு நிறுத்தினார். ஒரு விரலைத் தூக்கிச் சூராவ் இருக்கும் திசையைக் காட்டினார். இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று மெதுவாக வாயசைத்தார்.

இவர் அந்த விரலைப் பார்த்தார். விரல் காட்டின பக்கம் கூரைகளைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். தலையையாவது ஆட்டியிருக்க வேண்டும். நான் குனிந்து கீழே தேங்கிக் கிடந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

ஆம்ப்ளிபையரைத் தூண்மேலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். சண்டைச் சத்தம் குறைந்தது. அதற்குள் பாங்கு முடிந்திருந்தது.

கிளினிக்குக்கு அவராகத்தான் வந்தார். நான் கூப்பிடவில்லை. தாமானைவிட்டுத் தள்ளி, கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடமாகப் பார்த்துப் போனோம். அங்கேயும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை இருந்தது. ஆனால் இவரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்து பார்த்தேன். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பட்டன் இருந்த கை மடிமேல் வெகுநேரம் அசையாமலே கிடந்தது. அமுக்குங்கள், அமுக்குங்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. உள்ளே சத்தம் போகிறதா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். போனது திரும்பி வராது. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கிரைண்டர் சத்தம், மோட்டார் சத்தம், வீட்டில் ஸ்பீக்கர் சத்தம் எல்லாமே அதைக் குறைக்கும். காதில் மாட்டுகிற மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு விளங்கும்.

வாங்கினோம். மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று, அடுப்படியில் நான் நடப்பதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"ஒன் செருப்பு எப்பவுமே இப்படித்தான் தேயுமா?"

"எப்பவுமே இப்படித்தாங்க."

"அலமாக்! இத்தன வருஷமா இதோட எப்படிக் குடும்பம் நடத்துனேன்?"

ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தது அந்த ஒரு சாயங்காலம்தான். பட்டறையில் கிரைண்டர் சத்தம் அந்த மெஷினுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறதாம். போட்டுக்கொண்டு போனால் கம்பெனியில் தெரிந்துவிடுமாம். வீட்டில் போட்டால் படத்தில் எல்லாக் குரலும் தகரத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறதாம். இப்போது அது டிவி மேசை டிராயரில், டப்பாவுக்குள் இருக்கிறது. அதற்கு இரண்டு பக்கமும் அந்த ஸ்பீக்கர்கள் பழையபடி முழங்குகின்றன. கடைக்காரர் போட்ட பூட்டு விடுகிற அளவுக்கு ஏறுகின்றன. கம்பெனி டெஸ்ட் இந்த வருஷமும் வரப்போகிறது. தோளைப் பார்த்துக்கொள்வேன் என்கிறார். நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். எதற்காக வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. டெஸ்டில் பாஸாக வேண்டும் என்றா, பெயிலாக வேண்டும் என்றா? பாஸானால் கிரைண்டர் இருக்கும், காது போகும். பெயிலானால் காது கொஞ்சம் நிற்கும், வேலை போகும். ஒன்றும் கேட்காமலேயே ஏற்றிவிட்டு வருகிறேன்.

பக்சிக் ஒருநாள் வந்து, இவர் போனை வாங்கி, தொழுகை நேரத்துக்கு அதிர்கிற மாதிரி ஏதோ போட்டுக் கொடுத்தார். கழுத்தில் சிலுவை போட்ட மனுஷன் சட்டைப்பையில் ஐந்து வேளையும் போன் அதிர்கிறது. மக்சிக்குக்கு இதில் ஏகப்பட்ட சந்தோஷம். பழைய ஆம்ப்ளிபையரையும் அவர்கள் திருப்பித் தரவில்லை. சூராவில் கூட்டம் நடக்கும்போது பயன்படுத்துகிறார்களாம்.

போன் அதிர்ந்ததும் கட்டைவிரல் போய் அமுக்குகிறது. ஹால் அமைதியாகிறது. அவருக்குத் தொடங்குவதும் தெரியாது, முடிவதும் தெரியாது. அதனால் திரையில் வாயசைத்துக்கொண்டிருப்பவர்களை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி காத்திருப்பார். நான் சொன்னால்தான் மறுபடி ஏற்றுவார்.

நேற்று அந்தி நேரத்திலும் அப்படித்தான். பாங்கு முடிந்தது. மைக்கை அணைக்கிற 'டொக்' சத்தமும் வந்து போனது. சுவருக்கு அந்தப் பக்கம் மக்சிக் நாற்காலியை நகர்த்துவதுகூடக் கேட்டது.

"முடிஞ்சிருச்சா?" என்றார், ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்க" என்றேன்.